தண்டுவடக் காயத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு: உடலையும் மனதையும் சேர்த்தே கவனிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் தம்பி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டதை நான் முதலில் கவனிக்கவே இல்லை. விபத்தில் அவனுக்கு மார்புப் பகுதியின் 4ஆவது முள்ளெலும்புக்கு அருகே தண்டுவடம் நசுங்கியிருந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. காலையில் நிரப்பி, கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போன ஒரு லிட்டர் பாட்டில் மாலையில் முக்கால்வாசி அப்படியே இருக்கும். "தாகம் இல்லை, அக்கா" என்பான். உண்மைக் காரணம் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தண்ணீர் குடித்தால், சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டரைப் போட வேண்டும். கதீட்டரைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் தனக்கு என்ன நேர்ந்தது என்பது அவனுக்குப் புதிதாக நினைவுக்கு வந்தது. இரண்டே வாரங்களில் குளிர்காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்து சேர்ந்தது. சிறுநீர் ஏன் கலங்கியிருக்கிறது என்று மருத்துவர் கேட்டார். அவன் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று கேட்கத் தவறிய கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். தண்டுவடக் காயத்துக்குப் பிறகு உடல் பராமரிப்பு தளர்வதே பலருக்கு மனச்சோர்வின் முதல் அறிகுறி. மறுபுறம், மனச்சோர்வு போலத் தோன்றுவதில் ஒரு பகுதி, யாரும் கண்டுபிடிக்காத உடல் கோளாறாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனி மருத்துவர்களின் தனித்தனிக் கோப்புகளில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே பிடிபடாது.

காயம்பட்டவர்கள், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் இருவருக்கும் பொதுவாக எழுதியிருக்கிறேன். மருத்துவர் தரும் சிகிச்சைக்கு இது மாற்று ஆகாது. அவரிடம் எதைக் கேட்பது, வீட்டில் எதைக் கவனிப்பது என்பதற்கான துணை.

தொடங்கும் முன்: ஒரு வாக்கியத்தை விட்டுவிடுங்கள்

"இப்படி ஒரு அடி விழுந்தால் யாருக்குத்தான் மனசு உடையாது?" ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் சிகிச்சைக்கான கதவை இழுத்து மூடுவது இந்த வாக்கியம்தான். வருத்தம் இயல்பு என்று முடிவு கட்டிவிட்டால், நோயை நோய் என்று யாரும் பார்ப்பதில்லை.

உலகில் 1.5 கோடிக்கும் அதிகமானோர் தண்டுவடக் காயத்தோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேரிடம் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாகவும் அது கணக்கிடுகிறது. பொது மக்களோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். அதே எண்ணை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலானவர்களுக்கு மனச்சோர்வு நோய் இல்லை. ஆகவே அது காயத்தோடு ஒட்டிப் பிறந்த விதி கிடையாது. சிலருக்கு வரும், வந்தால் குணப்படுத்த வேண்டிய தனி நோய்.

1994இல் வெளிவந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கழுத்துப் பகுதியில் காயம்பட்டவர்களிடம், உயிரோடு இருப்பதில் மகிழ்ச்சியா என்று கேட்டபோது 92 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அவசரப் பிரிவில் பணிபுரிபவர்களிடம், உங்களுக்கே இப்படி நேர்ந்தால் என்ன நினைப்பீர்கள் என்று கேட்டபோது 18 சதவீதம் பேர் மட்டுமே அப்படிச் சொன்னார்கள். வெளியே நின்று பார்ப்பவரின் கற்பனைக்கும் உள்ளே வாழ்பவரின் அனுபவத்துக்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்கிறது. காயம்பட்ட முதல் மாதங்களில், அந்த வெளிப் பார்வைதான் நோயாளியின் காதிலும் விழுந்துகொண்டே இருக்கிறது.

படி 1: துயரத்தையும் மனச்சோர்வையும் பிரித்தறியுங்கள்

இழப்பின் துயரம் அலை போல வரும், போகும். காலையில் அழுதவர் மாலையில் நண்பர் வந்தால் சிரிப்பார், பிடித்த பாட்டைக் கேட்பார், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார். மனச்சோர்வு அப்படி அசைந்து கொடுக்காது. யார் வந்தாலும் போனாலும் ஒரே மாதிரி கனத்துக் கிடக்கும். நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், குறைந்தது இரண்டு வாரங்கள் அந்த நிலை நீடித்தால் மருத்துவரிடம் பேச வேண்டும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு கருவி உண்டு. பிஎச்க்யூ-9 என்ற வினாப்பட்டியலில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் தர வேண்டும். மொத்தம் 27. மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் விரிவாகப் பரிசோதிக்க வேண்டும் என்று பொருள். அந்த எண்ணே நோய் நிர்ணயம் ஆகிவிடாது.

இதில் தண்டுவடக் காயத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தூக்கமின்மை, களைப்பு, பசியின்மை, அசைவு மந்தமாவது ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கப்படுபவருக்குத் தூக்கம் கெடாமல் என்ன செய்யும்? இதைச் சொல்லியே அறிகுறிகள் அனைத்தையும் காயத்தின் கணக்கில் தள்ளிவிடுகிறார்கள். அது தவறு. உடல் சார்ந்த அறிகுறிகளையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு கேள்விகளுக்குத் தனிக் கவனம் கொடுங்கள்: எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் போனதா? மனம் தாழ்ந்து, நம்பிக்கையற்றுக் கிடக்கிறதா? இவ்விரண்டையும் எந்த முள்ளெலும்பு முறிவும் நேரடியாக உண்டாக்குவதில்லை.

இன்னும் சில அடையாளங்களை வீட்டில் இருப்பவர்களால்தான் பார்க்க முடியும். பிசியோதெரபி நாளைத் தள்ளிப்போடுவது. கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்கும் பழக்கம் நின்றுபோவது. "எதைச் செய்தாலும் ஒன்றுதான்" என்ற பேச்சு. மற்றவர்களுக்குப் பாரமாகிவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்வது. சோகம் தெரியாமல் எரிச்சலாக மட்டும் வெளிப்படுவதும் உண்டு, குறிப்பாக ஆண்களிடம்.

படி 2: தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகக் கேளுங்கள்

பிஎச்க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி இதைப் பற்றியதுதான். அதற்கு 0 தவிர வேறு எந்த மதிப்பெண் வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் உடனே பேச வேண்டும். தண்டுவடக் காயத்துக்குப் பின் தற்கொலை அபாயம் பொது மக்களைவிட அதிகம். முதல் சில ஆண்டுகளில் அது உச்சத்தில் இருக்கிறது.

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். கேட்பதால் எண்ணம் பிறப்பதில்லை. "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்திருக்கிறாயா?" என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரையோ அவசர உதவி எண்ணையோ தொடர்புகொள்ளுங்கள். மருந்துகளை உங்கள் பொறுப்பில் வைத்து, அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் கொடுங்கள். தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென், வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவை அளவு மீறினால் உயிரைப் பறிக்கக்கூடியவை.

நீங்களே காயம்பட்டவராக இருந்து, இந்த வரிகளைப் படிக்கும்போது "ஆமாம், எனக்கு" என்று தோன்றினால், அடுத்த படிக்குப் போகும் முன் ஒருவரிடம் சொல்லுங்கள். சொல்லும் வார்த்தை சரியாக அமைய வேண்டும் என்பதில்லை.

மெல்ல நடக்கும் இன்னொரு வழியும் உண்டு. திரும்பிப் படுக்க மறுப்பது, சாப்பாட்டைத் தள்ளுவது, கதீட்டரை மாற்ற விடாமல் தடுப்பது. இவற்றைப் பிடிவாதம் என்று திட்டிவிடுகிறோம். வாழ விருப்பமில்லை என்பதை உடல் வழியே சொல்லும் முறையாகவும் அது இருக்கலாம். அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள்.

படி 3: உடலில் ஒளிந்திருக்கும் காரணங்களைத் தேடுங்கள்

மனச்சோர்வு மாத்திரைக்கு முன்போ, அதோடு சேர்த்தோ, இந்தச் சோதனைகள் நடந்திருக்க வேண்டும்.

சிறுநீர்த் தொற்று. உணர்வில்லாத உடலில் எரிச்சலோ வலியோ தெரியாது. களைப்பும் மந்தமும், திடீரென்று கூடிய தசை இறுக்கமும் மட்டுமே தெரியலாம். அதற்காகச் சிறுநீர்ச் சோதனையில் கிருமி தெரிந்தாலே ஆன்டிபயாடிக் வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். கதீட்டர் பயன்படுத்துபவர்களின் சிறுநீரில் அறிகுறி எதுவும் இல்லாமலே கிருமி இருப்பது சாதாரணம்.

தூக்கத்தில் மூச்சுத் தடை. கழுத்துப் பகுதிக் காயத்தில் இது மிகப் பரவலாக இருக்கிறது. பெருங்குறட்டை, காலைத் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் இருந்தால் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். எட்டு மணி நேரம் படுத்தும் களைப்புத் தீராதவரை "சோர்ந்துபோனவர்" என்று முத்திரை குத்துவது எளிது.

மெலடோனின். இது பலருக்குத் தெரியாத செய்தி. இருட்டியதும் தூக்கத்துக்கான மெலடோனினைச் சுரக்கச் சொல்லி மூளையின் கடிகாரம் அனுப்பும் கட்டளை, மூளைக்குள்ளேயே இருக்கும் பினியல் சுரப்பிக்கு நேராகப் போவதில்லை. கழுத்துத் தண்டுவடம் வழியே கீழே இறங்கி, நரம்பு முடிச்சுகள் வழியாக மீண்டும் மேலே ஏறித்தான் போகிறது. கழுத்தில் தண்டுவடம் முழுவதுமாகத் துண்டிக்கப்பட்டால் அந்தக் கம்பி அறுந்துவிடுகிறது. இரவு மெலடோனின் சுரப்பு நின்றுவிடுகிறது. அவர் தூங்காமல் இருப்பது கவலையால் மட்டும் அல்ல என்று தெரிந்தாலே பாதி பாரம் குறைகிறது. மெலடோனின் மாத்திரை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

மருந்துகள். தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென், டிசானிடின், நரம்பு வலிக்கான ப்ரீகாபாலின், காபாபென்டின், ஓபியாய்டு வலிநிவாரணிகள் எல்லாமே மந்தத்தை உண்டாக்கும். சிலருக்கு மனநிலையையும் தாழ்த்தும். எல்லா மருந்துகளையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். ஆனால் எதையும் தானாக நிறுத்தாதீர்கள். பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிரமையும் வரலாம்.

தலைக் காயம். தண்டுவடம் அடிபட்ட விபத்தில் தலையிலும் அடிபட்டிருப்பது அபூர்வமில்லை. முதல் நாட்களின் பரபரப்பில் லேசான மூளைக் காயம் கவனிக்கப்படாமல் போகிறது. மறதி, கவனச் சிதறல், சட்டென்று கோபம் ஆகியவை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இவை தவிர ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் டி, ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனை. உட்கார்ந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் கண் இருட்டும் என்பதற்காகவே படுக்கையை விட்டு எழ மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 4: மோசமான நாளுக்கென்று ஒரு குறைந்தபட்ச அட்டவணை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். மறுவாழ்வு மையத்தில் எழுதித் தரும் அட்டவணை நல்ல நாளுக்கானது. மனச்சோர்வு உள்ளவரால் அதை முழுவதும் செய்ய முடியாது. முடியாததால் குற்ற உணர்வு, குற்ற உணர்வால் மொத்தமாகக் கைவிடுவது, கைவிட்டதால் புண், புண்ணால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்கை. அங்கே மனச்சோர்வு இரட்டிப்பாகிறது. ஆகவே இரண்டு அட்டவணைகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முழுமையானது. மற்றது எழுந்திருக்கவே மனமில்லாத நாளிலும் விடக்கூடாத மூன்று வேலைகள் மட்டும் கொண்டது: தோல், சிறுநீர், மலம்.

தோல்

நாற்காலியில் இருக்கும்போது 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை எடையை மாற்ற வேண்டும். முன்பக்கம் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ, முடிந்தால் இரண்டு நிமிடம் வரை அப்படியே இருங்கள். கைகளை ஊன்றிச் சில நொடிகள் தூக்கி இறங்குவது போதாது, நசுங்கிய திசுவுக்கு ரத்தம் திரும்ப அவ்வளவு நேரம் பிடிக்கிறது. தோள்பட்டைக்கும் குனிவதே நல்லது. படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்புவது பொது விதி. மெத்தையையும் தோலையும் பொறுத்து மருத்துவர் இடைவெளியை மாற்றலாம்.

காலையும் இரவும் நீண்ட கைப்பிடி போட்ட கண்ணாடியில் பாருங்கள்: வால் எலும்புப் பகுதி, உட்காரும் எலும்புகள், இடுப்பின் பக்கவாட்டு, குதிகால். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது புண்ணின் தொடக்கம். அந்த இடம் தேறும்வரை அதன்மேல் எடை படக்கூடாது. கருமையான தோலில் சிவப்புத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா நிறமாகவோ தெரிகிறதா என்று பாருங்கள், புறங்கையை வைத்துச் சூட்டையும் தொட்டுத் தடிப்பையும் சோதியுங்கள்.

தம்பி கண்ணாடியைப் பார்க்க மறுத்த வாரங்களில் நான் பார்த்தேன். ஒருநாள் இடதுபக்க உட்காரும் எலும்பின் மேல் கட்டைவிரல் நகமளவு இடம் சூடாக இருந்தது. நிறம் மாறியிருக்கவில்லை. நான் பதற்றத்தை மறைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். இடுப்புக்குத் தெரியாத சூடு அவன் விரலுக்குத் தெரிந்தது. சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "கண்ணாடியைக் கொடு" என்றான். இரண்டு நாள் நாற்காலியில் உட்காராமல் இருந்ததில் அந்தச் சூடு அடங்கியது.

சிறுநீர்

இடைவிட்டுக் கதீட்டர் போடுபவர்கள் பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் 500 மில்லிக்கு மிகாமல் வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கேற்ப, மருத்துவர் சொன்ன அளவு தண்ணீரை நாள் முழுக்கப் பிரித்துக் குடியுங்கள். பாட்டிலில் பேனாவால் நேரக்கோடுகள் போட்டு வைத்தது எங்களுக்கு உதவியது. "குடித்தாயா?" என்று நான் கேட்பது நின்றது. அந்தக் கேள்விதான் அவனை மிகவும் அவமானப்படுத்தியது என்று பின்னாளில் சொன்னான்.

கைகள் இயங்கும் யாருக்கும் கதீட்டரைத் தானே போடக் கற்றுக்கொடுங்கள். முதலில் தாமதமாகும், சிந்தும். பரவாயில்லை. தன் உடலின் மிக அந்தரங்கமான வேலை மறுபடி தன் கைக்கு வருவது மனதுக்கு என்ன செய்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

மலம்

இதைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை, ஆகவே பேசியாக வேண்டும். ஒருமுறை பொது இடத்தில் கட்டுப்பாடு தவறியதால் மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியேறாதவர்கள் உண்டு. வெளியே பார்ப்பவர்களுக்கு அது "ஆர்வமின்மை" என்று தெரியும். உண்மையில் அது அச்சம். சீரான மலப் பழக்கத்தைப் போல வெளியுலகத்தை மீட்டுத் தரும் மருந்து குறைவு.

தினமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ, ஒரே நேரத்தில் செய்யுங்கள். சாப்பிட்டு 20 முதல் 30 நிமிடங்களில் குடல் இயல்பாகவே அசையத் தொடங்கும், அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். கழுத்து, முதுகின் மேற்பகுதிக் காயங்களில் பெரும்பாலும் குடலின் அனிச்சைச் செயல் மிஞ்சியிருக்கும், விரலால் தூண்டினால் மலம் இறங்கும். கீழ்ப்பகுதிக் காயங்களில் அந்த அனிச்சை இருக்காது, விரலால் எடுக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதங்களை வீணாக்கிய குடும்பங்கள் நிறைய. மாற்றம் எதைச் செய்தாலும் ஓரிரு வாரங்களாவது பொறுத்துப் பாருங்கள், தினம் ஒன்றை மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது.

ஓர் அவசர எச்சரிக்கை

மார்புப் பகுதியின் 6ஆவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்ற ஆபத்து உண்டு. காயத்துக்குக் கீழே ஏதோ உறுத்துகிறது, மூளைக்கு அது தெரிவதில்லை, உடல் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. மண்டை பிளக்கும் தலைவலி, காயத்துக்கு மேலே வியர்வை, முகம் சிவத்தல், மயிர்க்கூச்செறிதல், காரணம் தெரியாத பதற்றம் ஆகியவை வரும். இதைப் பதற்ற நோய் என்று எண்ணி அமைதிப்படுத்த முயன்றால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம்.

இவர்களின் ரத்த அழுத்தத்தில் மேல் எண் சாதாரணமாகவே 90 முதல் 110 வரைதான் இருக்கும். ஆகவே 130 என்பது மற்றவர்களுக்கு இயல்பு, இவர்களுக்கு எச்சரிக்கை. வழக்கத்தைவிட 20 முதல் 40 வரை கூடினாலே செயல்படுங்கள்:

1. உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள். படுக்க வைக்கக்கூடாது.
2. பெல்ட், சிறுநீர்ப் பையின் பட்டை, காலணி என்று இறுக்கமான எல்லாவற்றையும் தளர்த்துங்கள்.
3. முதலில் சிறுநீரைப் பாருங்கள். குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா? குழாய் இல்லை என்றால் கதீட்டர் போட்டுச் சிறுநீரை வெளியேற்றுங்கள். பெரும்பாலும் காரணம் இங்கேதான்.
4. அடுத்து மலம் தேங்கியிருக்கிறதா, தோலில் புண்ணோ, உள்நோக்கி வளர்ந்த நகமோ இருக்கிறதா என்று பாருங்கள்.
5. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அழுத்தத்தை அளந்துகொண்டே இருங்கள். இறங்கவில்லை என்றால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். விறைப்புக் குறைவுக்கான சில்டெனாஃபில் போன்ற மாத்திரை எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அழுத்தத்தை இறக்கத் தரும் நைட்ரேட் மருந்தோடு அது ஆபத்தாகச் சேரும்.

படி 5: வலியைத் தனியாகக் கணக்கில் எடுங்கள்

உணர்வில்லாத காலில் வலி எப்படி என்று கேட்காதீர்கள். எரிவது போல, மின்சாரம் பாய்வது போல, இறுக்கிக் கட்டியது போல நரம்பு வலி வரும். அது கற்பனை கிடையாது. காயமடைந்த நரம்புகளிலிருந்தே அந்தச் சமிக்ஞை கிளம்புகிறது. வலி தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் மனம் தாழும், மனம் தாழ்ந்தால் அதே வலி கூடுதலாகத் தெரியும். இந்தச் சுற்றை எந்த இடத்தில் அறுத்தாலும் மற்ற இரண்டும் கொஞ்சம் இளகும்.

ப்ரீகாபாலினும் காபாபென்டினும் இங்கே முதலில் முயலப்படுபவை. டியூலாக்ஸெடின், அமிட்ரிப்டிலின் இரண்டும் நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் பயன்படுபவை. ஆனால் அமிட்ரிப்டிலின் மலச்சிக்கலையும் சிறுநீர்த் தேக்கத்தையும் கூட்டும், ரத்த அழுத்தத்தை இறக்கும். அதாவது இவர்களிடம் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் மூன்றையுமே தொடும். தோள்பட்டை வலி வேறு வகை. நாற்காலியைத் தள்ளித் தள்ளித் தேய்வதால் வருவது. அதற்கு மாத்திரையைவிட நாற்காலியின் பொருத்தத்தையும் ஏறி இறங்கும் முறையையும் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிச் சரிசெய்வது முக்கியம்.

படி 6: மனச்சோர்வுக்கே உரிய சிகிச்சை

பேச்சு சிகிச்சை, மருந்து இரண்டும் பலன் தருகின்றன. சேர்ந்தால் நல்லது.

பேச்சு சிகிச்சையில், எண்ணங்களையும் செயல்களையும் திருத்தும் முறை, கைவிட்ட வேலைகளைச் சிறு சிறு அளவில் மீண்டும் தொடங்கும் முறை ஆகியவை பயன்படுகின்றன. மனம் சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்து மனதை இழுத்து வருவது இரண்டாவதன் அடிப்படை. பயணம் கடினமென்றால் வீடியோ அழைப்பில் பேசும் ஆலோசகரைத் தேடுங்கள். படியில்லாத வாசல் இருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மனநல மருத்துவரின் வாசல்படியில் தூக்கிச் செல்லப்படுவது யாருக்கும் நல்ல தொடக்கம் ஆகாது.

மருந்து என்றால், பலன் தெரிய 2 முதல் 6 வாரங்கள் ஆகும். பக்க விளைவு முதல் வாரமே தெரியும். இந்த இடைவெளியில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் சிலருக்குத் தசை இறுக்கத்தைக் கூட்டலாம். அப்படி நேர்ந்தால் நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றலாம். மனநல மருத்துவருக்குத் தண்டுவடக் காயம் பற்றி ஆழ்ந்த அனுபவம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சிறுநீர், குடல், ரத்த அழுத்தம், தசை இறுக்கம் ஆகிய நான்கையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது: பாலுறவு. மருத்துவர் கேட்கமாட்டார், குடும்பத்தில் வாய் திறக்க முடியாது, காயம்பட்டவர் தனக்குள்ளேயே "இனி இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார். நெருக்கத்துக்கும், பலருக்குக் குழந்தைப்பேறுக்கும் வழிகள் இருக்கின்றன. இதைப் பற்றி மருத்துவரிடம் தனியாகப் பேச அவருக்கு நேரமும் இடமும் கொடுத்துவிட்டு நீங்கள் அறையை விட்டு வெளியே வாருங்கள்.

தன்னைப் போன்ற ஒருவரைச் சந்திப்பது எந்தச் சிகிச்சைப் பட்டியலிலும் முதலிடத்தில் இருப்பதில்லை. என் கணிப்பில் அது மேலே இருக்க வேண்டும். அதே மட்டத்தில் காயம்பட்டுப் பத்து ஆண்டு வாழ்ந்தவர், "எனக்கும் அந்த முதல் வருடம் அப்படித்தான் இருந்தது" என்று சொன்னால் அது ஏறும். நாம் சொன்னால் ஏறாது.

படி 7: உடலை அசையுங்கள்

1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார் லுட்விக் குட்மன். அந்நாட்களில் இத்தகைய காயம் பெரும்பாலும் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் மரணமாக முடிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், நோயாளிகளைத் திருப்ப வைத்தார் அவர். அதோடு நிறுத்தவில்லை. வேலையும் விளையாட்டும் சிகிச்சையின் பகுதி என்றார். 1948 ஜூலை 29 அன்று அங்கே 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். இன்றைய பாராலிம்பிக்கின் வேர் அதுதான். புண் ஆறுவதும் மனம் தேறுவதும் ஒரே வேலை என்பதை அவர் வார்டில் நடத்திக் காட்டினார்.

2018இல் வெளியான சர்வதேசப் பரிந்துரை எளியது. உடல் தகுதிக்கு, வாரம் இரண்டு முறை குறைந்தது 20 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரையான மூச்சிரைக்கும் பயிற்சி, கூடவே வாரம் இரண்டு முறை இயங்கும் பெரிய தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி, ஒவ்வொன்றும் மூன்று சுற்று. இதயத்துக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் சேர்த்துப் பலன் வேண்டுமென்றால் வாரம் மூன்று முறை 30 நிமிடம். கைகளால் சுற்றும் சைக்கிள், நாற்காலியை வேகமாக ஓட்டுவது, நீச்சல் எதுவும் ஆகும். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும். உயர்மட்டக் காயத்தில் உடல் வியர்த்துக் குளிராது, வெயிலில் பயிற்சி வேண்டாம்.

படி 8: கவனித்துக்கொள்பவரும் கணக்கில் உண்டு

இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுபவருக்கும் அதே பிஎச்க்யூ-9ஐ நிரப்பிப் பாருங்கள். நான் நிரப்பியபோது எனக்கு 12 வந்தது. இரவுமுறையைக் குடும்பத்தில் பிரித்துக்கொண்டோம். வாரம் ஒரு மாலை நான் வீட்டில் இருக்கமாட்டேன் என்று முடிவு செய்தோம். அந்த மாலைகளில்தான் தம்பி முதன்முதலாகத் தனியாகச் சக்கர நாற்காலிக்கு மாறக் கற்றுக்கொண்டான்.

எல்லாவற்றையும் செய்துகொடுப்பது அன்பு போலத் தெரியும். அவரால் முடிந்ததை நாம் செய்தால் அவரிடம் மிச்சமிருப்பதையும் எடுத்துக்கொள்கிறோம். தொடும் முன் கேளுங்கள், நாற்காலியைத் தள்ளும் முன் கேளுங்கள். மருத்துவர் அவரைப் பற்றி உங்களிடம் கேட்டால், "அவரிடமே கேளுங்கள்" என்று சொல்லுங்கள்.

படி 9: அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

ஒரே நோட்டுப் புத்தகம். ஒரு நாளுக்கு ஒரு வரி: தூங்கிய நேரம், வலி 0 முதல் 10 வரை, மனநிலை 0 முதல் 10 வரை, குடித்த தண்ணீர், சிறுநீர் எடுத்த நேரங்கள், மலம், தோலில் கண்டது, வெளியே போனாரா இல்லையா. முடிந்தவரை காயம்பட்டவரே எழுதட்டும். விரல் இயங்காவிட்டால் கைபேசியில் குரல்பதிவு போதும். மூன்று வாரம் கழித்துப் பின்னோக்கிப் படித்தால், எது எதை இழுத்து வருகிறது என்பது தெரியும். எங்கள் நோட்டில், மனநிலை 3க்குக் கீழே போன ஒவ்வொரு முறையும் அதற்கு இரண்டு நாள் முன்பே தண்ணீர் குறைந்திருந்தது.

அந்த நோட்டோடு மருந்துப் பட்டியல், பிஎச்க்யூ-9 மதிப்பெண், வழக்கமான ரத்த அழுத்தம் எழுதிய ஓர் அட்டை. மருத்துவர் அறைக்குள் போனதும் முதல் நிமிடத்திலேயே, வேறு எதையும் பேசும் முன், இதைச் சொல்லுங்கள்: "கடந்த இரண்டு வாரமாக மனநிலை மோசமாக இருக்கிறது. உடலையும் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்." கடைசி நிமிடத்துக்கு வைத்தால் அதற்கு நேரம் கிடைக்காது.